கல்யாண மண்டபத்தில் வலிக்கவில்லை. அப்படியென்றால் என் வலி பொய்யா?

ஆறு பக்கக் கடிதம். எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 47. வில்லிவாக்கத்தில் வீடு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழை நாளில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று பிடித்த இடுப்பு வலி இன்னும் விடவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருப்பதாக வந்தது. முதலில் பார்த்த மருத்துவர், "இனிமேல் குனியவே கூடாது" என்றார். அன்றிலிருந்து குனிவதில்லை. மார்கழி முழுவதும் வாசலை அடைத்துக் கோலம் போட்டவர், நான்கு மார்கழிகளாகக் கோலமாவைத் தொடவில்லை. இடுப்பு பெல்ட் இல்லாமல் படியிறங்குவதில்லை. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி, இரண்டு ஆண்டுகளாக ஏறக்குறைய தினமும் போட்டுக்கொள்கிறார். வலி குறைந்த ஞாயிறு வந்தால் விட்டுப்போன வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கிறார். திங்களும் செவ்வாயும் படுக்கை. நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை.

கணவர் இவரைத் தாங்கினார். தண்ணீர் கேன் தூக்குவது, துணி காயப்போடுவது, கடைக்குப் போவது எல்லாம் அவர்தான். இந்த நிலையில் மூத்த மகளுக்குக் கல்யாணம். வரவேற்பு மாலை தொடங்கி மறுநாள் பிற்பகல்வரை வாசகி நின்றபடியே இருந்தார். மாத்திரையும் இல்லை, பெல்ட்டும் இல்லை. வலி என்ற ஒன்று இருந்ததே நினைவில்லை. மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது கணவர் முதன்முறையாகக் கேட்டார்: "மண்டபத்தில் இந்த வலி எங்கே போயிருந்தது?"

அடுத்த வாரம் மருத்துவர் ஒரு மாத்திரை எழுதி, மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். இணையத்தில் தேடினால் அது மனச்சோர்வுக்கான மாத்திரை. நான்கே நாளில் நிறுத்திவிட்டார். மைத்துனர், "அடுத்தது கீழ்ப்பாக்கம்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

வாசகி கேட்பவை மூன்று. என் வலி பொய்யா? மனநல மருத்துவரிடம் போனால் அலுவலகத்துக்கும், இரண்டாவது மகளுக்கு வரன் பார்க்கும் இடங்களுக்கும் தெரிந்துவிடாதா? ஒரு மருத்துவர் சொல்வதுபோல் ஆபரேஷன் செய்துகொண்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு பேனாவில், ஒரு வரி: "சில ராத்திரிகளில், விடியாமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

ஓரத்தில் எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற ஆறு பக்கங்களை எழுதி முடித்தபின், இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எழுதியது நல்லது. ஆண்டுக்கணக்கில் வலியோடு இருப்பவர்களில் பலருக்கு இந்த எண்ணம் வருவதை வலி சிகிச்சைப் பிரிவில் உளவியலாளராக இருக்கும் நான் நேரில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் கேட்பது சாவை இல்லை, ஓய்வை. ஆனாலும் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உங்கள் மூத்த மகளிடமும் இந்த ஒரு வரியை மட்டுமாவது சொல்லுங்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். "தேவலை" என்ற எண்ணம் "எப்படி" என்ற யோசனையாக மாறினால், அன்றைக்கே, அந்த மணிக்கே, யாரையாவது அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உங்கள் வலி பொய் இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியது. வலி என்பது புலன் அனுபவமும் உணர்ச்சி அனுபவமும் சேர்ந்தது என்கிறது அந்த வரையறை. உடலில் சேதம் இருக்கும்போதும் வலி வரலாம், சேதம் இருப்பது போன்ற அதே உணர்வாகவும் வரலாம். ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களை மனநல மருத்துவரிடம் அனுப்பிய மருத்துவர் இதை ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காததால்தான் நம் ஊரில் எத்தனையோ பேர் "பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது தீராத வருத்தம்.

மண்டபத்தில் வலி எங்கே போயிருந்தது?

உங்கள் கணவரின் இந்தக் கேள்வி உங்களைக் குத்தியிருக்கிறது. ஆனால் கடிதத்தில் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல், கேள்வியாகவே பார்ப்போம்.

பழைய காலத்தில் வலியைக் கோயில் மணி போல நினைத்தார்கள். கீழே கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு சத்தம். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்த் வலியை இப்படித்தான் விளக்கினார். நம்மில் பலர், சில மருத்துவர்கள் உட்பட, இன்றும் இப்படித்தான் நினைக்கிறோம். இந்தக் கணக்குப்படி பார்த்தால், இடுப்பில் அதே ஜவ்வு, அதே பிதுக்கம், ஆனால் மணி அடிக்கவில்லை; ஆகவே நீங்கள் இத்தனை நாள் நடித்தீர்கள் என்றுதான் முடிவு வரும். கணவர் வந்து நின்ற இடம் அதுதான்.

1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கணக்கு தவறு என்று காட்டினார்கள். உடலிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைக் கடக்க வேண்டும் என்றார்கள். அந்த வாசலைத் திறக்கவும் ஒருக்களிக்கவும் மூளையிலிருந்தே கீழ்நோக்கிக் கட்டளை வருகிறது. பயம், தூக்கமின்மை, துக்கம், எந்நேரமும் வலியையே கவனித்துக்கொண்டிருப்பது ஆகியவை வாசலை அகலத் திறக்கின்றன. மனம் வேறொன்றில் முழுமையாக ஒன்றிப்போனால், பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வு இருந்தால், வாசல் ஒருக்களிக்கிறது. விவரங்களில் பின்னாளில் திருத்தங்கள் வந்தன, அடிப்படை நிலைத்துவிட்டது.

இதற்கு முன்பே, 1944-இல், இத்தாலியின் அன்சியோ போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார். படுகாயம் பட்ட சிப்பாய்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் வலிக்கு மருந்து வேண்டாம் என்றார்கள். உயிர் தப்பிவிட்டோம், வீட்டுக்குப் போகப்போகிறோம் என்பதே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். அவர்களை யாரும் நடிகர்கள் என்று சொல்லவில்லை.

அன்று உங்கள் மகளுக்குத் தாலி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான்கு ஆண்டுகளாக அகலத் திறந்தே கிடந்த வாசல் சில மணி நேரம் ஒருக்களித்தது. வலியைக் குறைக்கும் வல்லமை உங்கள் நரம்பு மண்டலத்திடம் இன்னும் இருக்கிறது என்பதற்கு எந்த ஸ்கேனும் தராத சான்று அது. அந்த வல்லமையைக் கல்யாணம் இல்லாத சாதாரண நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைக்க முடியுமா என்பதைப் பார்க்கத்தான் உளவியல் சிகிச்சை. மூன்றாம் நாள் வந்த வலிக்கு வேறு காரணம் தேட வேண்டாம். நான்கு ஆண்டுகள் அதிகம் அசையாத தசைகளை இரண்டு நாள் நிற்க வைத்தீர்கள்.

ஜவ்வும் குனிவதும்

உங்கள் ஸ்கேன் அறிக்கையை மூன்று முறை வரி வரியாக எழுதியிருக்கிறீர்கள். அதில் உள்ள சொற்கள் பயமுறுத்துபவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதன்படி, வலியே இல்லாத 40 வயதினரில் 50 சதவீதம் பேருக்கும், 50 வயதினரில் 60 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது. நரை மாதிரி, அதுவும் வயதின் அடையாளம். விழுந்தபோது உங்களுக்கு அடிபட்டது உண்மை, அது வலித்ததும் உண்மை. ஆனால் அந்தத் திசுக்கள் எப்போதோ ஆறியிருக்கும். அபாய மணி மட்டும் ஓயவில்லை.

ஏன் ஓயவில்லை? கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: விழுவதற்கு ஒரு மாதம் முன்பு உங்கள் அப்பா இறந்தார், அதே சமயத்தில் கணவருக்கும் வேலை போனது. துக்கம் உங்களுக்கு வலியைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புது வலி பழைய வலியாக வேரூன்றுவதை உடல் காயத்தின் அளவைவிட இவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன: அந்தச் சமயத்தில் இருக்கும் மனச்சுமை, வலி பற்றிய பயம், "இனி இப்படித்தான்" என்ற நம்பிக்கையிழப்பு. நியூசிலாந்தில் 1997-இல் இவற்றுக்கு "மஞ்சள் கொடிகள்" என்று பெயரிட்டு, மருத்துவர்கள் முதல் வாரங்களிலேயே கேட்டறிய வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டார்கள். நீங்கள் பார்த்த ஐந்து மருத்துவர்களில் ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை.

பயம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். குனிந்தால் ஜவ்வு வெளியே வந்துவிடும், கால் போய்விடும், சக்கர நாற்காலிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் குனிவதில்லை. குனியாததால் தசை இறுகுகிறது. இறுகிய தசை சிறிது அசைந்தாலும் வலிக்கிறது. "பார்த்தாயா, சொன்னேனே" என்கிறது பயம். குனியவே கூடாது என்ற அறிவுரை அடிபட்ட முதல் சில நாட்களுக்குப் பொருந்தலாம்; நான்கு ஆண்டுகளுக்குப் பொருந்தாது. குறிப்பான நோய்க் காரணம் இல்லாத நாட்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சியும், வலி பற்றிய விளக்கக் கல்வியும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சையும் பரிந்துரைக்கப்படுகின்றன. பெல்ட் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். உங்கள் பெல்ட்டை நாளைக்கே கழற்றி எறியச் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட் உதவியோடு, தினமும் அரை மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டு வரலாம்.

ஆபரேஷன் பற்றி

இதில் நான் மனநலத் துறையைச் சேர்ந்தவள் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். முடிவு அறுவை மருத்துவரோடு எடுக்க வேண்டியது. காலுக்குப் பரவும் கடும் வலியும், அதற்குப் பொருந்தும் நரம்பு அழுத்தமும் இருந்தால் அறுவை சிகிச்சை விரைவான நிவாரணம் தரும். உங்கள் வலி இடுப்போடு நிற்கிறது, காலில் பலக்குறைவு இல்லை என்று இரண்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த நிலையில் அறுவை சிகிச்சையால் வலி தீரும் என்று உறுதி சொல்ல இயலாது. செய்துகொண்ட பின்னும் வலி தொடர்ந்து, ஏமாற்றமும் சேர்ந்துகொண்டு வருபவர்களை நான் பார்க்கிறேன்.

ஆனால் இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திராதீர்கள்: சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழப்பது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, பாதம் தொங்குவது. இவை அவசரம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை

உங்களுக்கு எழுதித்தந்தது டுலோக்செட்டின். அது மனச்சோர்வுக்கும் தரப்படுகிறது, வலிக்கும் தரப்படுகிறது. மூளையிலிருந்து கீழே வந்து வாசலை ஒருக்களிக்கும் நரம்புகள் செரட்டோனின், நாரட்ரினலின் என்ற வேதிப்பொருட்களைக் கொண்டு வேலை செய்கின்றன. இந்த மருந்து அவற்றைக் கூட்டுகிறது. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் வலி குறையலாம். எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலிக்கிறதா என்று தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் உங்களுக்குக் கிடைத்தது குமட்டல் மட்டுமே. தூக்க மாத்திரைபோல அதற்கு அடிமையாக மாட்டீர்கள். ஆனால் பல வாரம் எடுத்தபின் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எனக்கு அதைவிட டைக்ளோஃபெனாக்தான் கவலை. இரண்டு ஆண்டுகள் தினமும் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்த உயர்வு எதுவும் வரலாம். இந்த இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து எடுத்தால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். நீங்கள் கடையில் வாங்கிப் போடுவது உங்கள் மருத்துவருக்குத் தெரியாது. முதல் வேலையாக அதைச் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.

யாருக்குத் தெரியும்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அலுவலகம் கேட்டாலும் மருத்துவர் தரக் கூடாது. விடுப்புக்குச் சான்றிதழ் வேண்டுமானால் இடுப்பு வலி என்று எலும்பு மருத்துவரே தரலாம், அது உண்மையும்கூட. ஒரு இடத்தில் மட்டும் கவனம்: நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பணம் கேட்டால், காகிதங்கள் சிலர் கண்ணில் படும். வெளிநோயாளியாகப் பார்க்கும்போது அதற்குத் தேவை இருக்காது.

வரன் வீட்டாருக்கு நீங்கள் எதையும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடும் அபாயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சட்டம் ஊர் வாயை மூடாது. அந்தத் தயக்கம் பெரிதாக இருந்தால், பெரிய மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையினர் நடத்தும் வலி சிகிச்சைப் பிரிவில் தொடங்குங்கள். பல இடங்களில் உளவியலாளரும் அங்கேயே இருப்பார். செலவு தடையென்றால் சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

கீழ்ப்பாக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1794-இல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். அங்கே சிகிச்சை பெற்று வேலைக்கும் வீட்டுக்கும் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். உங்கள் மைத்துனரின் சிரிப்புக்காக ஒரு சிகிச்சையைக் கைவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது

வலியைப் பார்த்து வேலை செய்வதை விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யுங்கள். மோசமான நாளில் எத்தனை நிமிடம் நின்று வேலை செய்ய முடிகிறது? பதினைந்து என்றால் பன்னிரண்டில் நிறுத்துங்கள். நல்ல ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டுதான். இது கடினம், நல்ல நாளில் நிறுத்துவதுதான் உண்மையில் கடினம். வாரம் ஒரு நிமிடம் கூட்டலாம். செவ்வாய்க்கிழமை படுக்கையைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தூக்கத்தைத் தனி வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பது நன்றாக நிறுவப்பட்ட ஒன்று. எழும் நேரத்தை ஞாயிறு உட்பட ஒரே நேரமாக வைப்பதில் தொடங்கலாம்.

குனிவதை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் தொடங்குங்கள். முதலில் நாற்காலி உட்காரும் பலகையைக் கையால் தொடுவது. பிறகு முக்காலி. பிறகு வாசற்படி. வலிக்கும்; சற்று வலிப்பதற்கும் சேதமாவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை உடம்பு இப்படித்தான் கற்கிறது. மணையில் உட்கார்ந்து ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று போடும் நாளைக் குறித்து வையுங்கள். வாசலை அடைக்கும் கோலம் இந்த மார்கழிக்கு வேண்டாம்.

கணவரைப் பற்றி உங்களுக்கு இப்போது கோபம் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் அவருக்கும் யாரும் எதையும் விளக்கவில்லை. உங்கள் எல்லா வேலையையும் அவர் பிடுங்கிக்கொண்டது அன்பினால்தான். அந்த அன்பே உங்களை இன்னும் பலவீனமாக்கியது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. துணி காயப்போடுவதை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், முதலில் பாதித் துணி. மாலையில் வந்ததும் "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்பதை விட்டு வேறெதையாவது கேட்கச் சொல்லுங்கள். உளவியலாளரிடம் முதல் முறை நீங்கள் மட்டும் போங்கள், ஓரத்தில் எழுதிய வரியை அங்கே முழுதாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை அவரையும் அழைத்துப் போங்கள். மண்டபத்தைப் பற்றிய கேள்வியை அவரே அங்கே கேட்கட்டும்.